பெட் வாடகை 3,500: சில குறிப்புகள்

அக்கா போன் செய்தால் ஊர்க்கதையெல்லாம் பேசிவிட்டுக் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்பாள். “அவன்ட்ட நீயாவது சொல்லக் கூடாதா தம்பி? அங்க கெடந்து என்னத்தச் சம்பாதிக்கான்? ஊருல வந்து இருந்தா கஞ்சியோ கூழோ நிம்மதியாக் குடிக்கலாம்லா.”

அக்கா மகனுக்கு 26 வயது. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தவன். திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் தங்கி, பைக்கில் சாப்பாடு டெலிவரி செய்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை நேரில் போய் அக்கா சொன்னதைச் சொன்னேன். அவன் பதில் பேசவில்லை. தலையணைக்கு அடியிலிருந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து, போன மாதக் கணக்கைக் காட்டினான்.

கையில் வந்தது 21,400. பெட்ரோல் 5,200. பெட் வாடகை 3,500. சாப்பாடு 5,000. வண்டி டியூ 2,900. போன் ரீசார்ஜ் 350. அம்மாவுக்கு 3,000. மீதி 1,450. அந்த மீதிக்கும் நேரே எழுதியிருந்தான்: செருப்பு, மாத்திரை, முடிவெட்டு, பஞ்சர் இரண்டு.

“சங்கரன்கோவில்ல ஒரு கடையில 12,000 தாரேங்காக மாமா. வாடகை கெடையாது, சாப்பாடு வீட்டுல. கணக்குப் பாத்தா ஊருதான் லாபம். ஆனா அது ஒரு கடைதான மாமா. அத விட்டா வேற என்ன இருக்கு?”

வீட்டுக்குத் திரும்பிய பிறகும் அந்தக் கடைசிக் கேள்வி என்னை விடவில்லை. அதை நினைத்துக்கொண்டே அவ்வப்போது எழுதியவை இவை.

*

அறையைப் பற்றி முதலில். பத்துக்குப் பத்து. நான்கு பேர். சுவரில் ஆளுக்கு மூன்று ஆணி. அந்த மூன்று ஆணிக்குள் அவனவன் உடுப்பு அடங்கியாக வேண்டும். ஜன்னல் பக்கத்துப் படுக்கை சீனியருக்கு. பிளக் பாயிண்ட் இரண்டுதான் என்பதால் இரவில் யார் போன் எப்போது சார்ஜில் இருக்க வேண்டும் என்று பேசி வைத்திருக்கிறார்கள். அதிகாலையில் பேப்பர் போடப் போகிறவன் முதலில், இரவு ஒரு மணிக்குத் திரும்பும் டெலிவரிக்காரன் கடைசியில். வராந்தாக் கோடியில் பொதுக் குளியலறை. காலை ஏழு மணிக்கு மேல் போனால் வாளியோடு வரிசையில் நிற்க வேண்டும்.

1994-ல் திருவள்ளுவர் பஸ்ஸில் ஏறி, பாரிமுனையில் தகரப்பெட்டியோடு இறங்கி, இதே திருவல்லிக்கேணியில்தான் நானும் தங்கினேன். அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தும் வேலை. முப்பது வருடத்தில் வாடகைதான் ஏறியிருக்கிறது. அறை அதே அளவு, ஆணி அதே மூன்று. என் தலைமுறை கஷ்டப்பட்டது என்று பெருமையாகப் பேச எனக்கு மனம் வரவில்லை. அடுத்த தலைமுறையும் அதே ஆணியில் சட்டை மாட்டுகிறது என்றால் அது இந்த நகரத்தை நடத்துகிறவர்களின் தவறு.

*

சென்னைக்கு வந்ததிலிருந்து அவன் பார்த்த வேலைகள்: அம்பத்தூரில் லேத் பட்டறை. அது மூடியதும் கிண்டியில் கூரியர் கிடங்கு. பிறகு மொபைல் கடையில் விற்பனை. அங்கே சம்பளம் இரண்டு மாதம் நின்றது. அப்புறம் கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறினான், இப்போது டெலிவரி. இடையில் ஏ.சி. மெக்கானிக் ஒருவரிடம் ஆறு மாதம் உதவியாளாகப் போய்த் தொழிலைப் பாதி கற்றிருக்கிறான்.

ஊர்க்காரர்கள் இந்தப் பட்டியலைப் பார்த்து, “ஒரு இடத்துலயும் நிலைக்க மாட்டேங்கான்” என்பார்கள். எனக்கு வேறு ஒன்று தெரிகிறது. ஒவ்வொரு முறை வேலை போனபோதும் அடுத்த வேலை கிடைக்க அவனுக்குப் பத்து, பதினைந்து நாள்தான் ஆகியிருக்கிறது. பெரிய நகரம் ஏழைப் பையனுக்குத் தரும் முதல் சொத்து இதுதான். ஒரு முதலாளி கைவிட்டால் இன்னொருவர் இருப்பார் என்ற தைரியம். அந்தத் தைரியம் இருப்பதால்தான் சம்பளம் தராத கடையிலிருந்து அவனால் வெளியே வர முடிந்தது. ஒரே கடை உள்ள ஊரில் முதலாளி முன்னால் நிமிர்ந்து நிற்பது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். என் அப்பா இருபது வருடம் ஒரே கடையில், அதே தராசுக்கு முன்னால் குனிந்து நின்றார்.

*

அந்த வேலைகளெல்லாம் எப்படிக் கிடைத்தன என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். கூரியர் வேலை, மெஸ்ஸில் எதிரே உட்கார்ந்து சாப்பிடும் ஒருவர் சொல்லி. மொபைல் கடை, பழைய அறைத்தோழனின் நண்பன் சொல்லி. மண்டப வேலை, டீக்கடையில் பழகிய மேஸ்திரி மூலம். ஏ.சி. மெக்கானிக், எதிர் அறைக்கு வந்துபோகிறவர். ஒருவர்கூடச் சொந்தக்காரர் இல்லை.

மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973-ல் எழுதிய கட்டுரை ஒன்று உலகப் புகழ் பெற்றது. மனிதர்களுக்கு வேலை பற்றிய தகவல் நெருங்கிய உறவைவிட, எப்போதாவது பார்த்துப் பேசுகிற அரைகுறைப் பழக்கத்தில்தான் அதிகம் வருகிறது என்று ஆராய்ந்து காட்டினார். காரணம் எளிது. நெருங்கியவர்களுக்கு நமக்குத் தெரிந்ததுதான் தெரியும். தூரத்துப் பழக்கம் வேறு உலகத்துச் செய்தியைக் கொண்டுவரும்.

அந்தப் பழக்கம் விளையும் வயல்தான் மேன்ஷனும் மெஸ்ஸும் டீக்கடையும். இதைச் சேர்க்க வருடக்கணக்கில் ஆகும். ஊருக்குப் போய்விட்டால் ஒரே மாதத்தில் காய்ந்துவிடும். “கொஞ்ச நாள் ஊருல இருந்துட்டுப் போயேன்” என்று நாம் சுலபமாகச் சொல்கிறோம். போன் நம்பர் மாறிய ஆள் மாதிரி ஆகிவிடுவோமோ என்ற பயத்தில்தான் அவன் தீபாவளிக்கு வந்தாலும் மூன்றாம் நாளே கிளம்பிவிடுகிறான்.

*

நகரத்தில் வேலையில்லாதவர்கள் நிறைந்திருக்கும்போதும் ஏன் இன்னும் ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள்? ஆப்பிரிக்க நகரங்களைப் பார்த்து ஜான் ஹாரிஸ், மைக்கேல் டொடாரோ என்ற இரு பொருளியலாளர்கள் 1970-ல் இந்தக் கேள்விக்கு விடை சொன்னார்கள். வருகிறவன் இன்றைய கூலியை மட்டும் பார்க்கவில்லை. நல்ல வேலை கிடைப்பதற்கான வாய்ப்பையும் சேர்த்துப் பெருக்கிப் பார்க்கிறான் என்பது அவர்கள் கருத்து.

என் மருமகன் அந்தக் கட்டுரையைப் படித்ததில்லை. ஆனால் அவன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. ஏ.சி. தொழிலை முழுதாகக் கற்று, சொந்தமாக ஒரு டூல் கிட் வாங்கினால் கோடைகாலத்தில் மாதம் எவ்வளவு வரும் என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறான். 1,450 ரூபாய் மீதியைப் பார்த்துவிட்டு நாம் தோல்வி என்கிறோம். அவன் கடைசிப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

*

ஊரில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் வரும் முதல் கேள்வி: “நீ யாரு மகன்?” பதில் சொன்னதும் கேட்டவருக்குத் தெரு தெரிந்துவிடும். தெரு தெரிந்தால் சாதி தெரிந்துவிடும். அதற்குப் பிறகு பேச்சின் தொனி, உட்காரச் சொல்லும் இடம், கூப்பிடும் முறை எல்லாம் அதன்படி அமையும். இந்தக் கேள்வியால் பாதிக்கப்படாதவர்கள்தான் கிராமத்தின் அழகைப் பற்றி அதிகம் பேசுகிறோம்.

1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர், கிராமங்களைக் கொண்டாடியவர்களுக்கு நேருக்கு நேர் மறுப்புச் சொன்னார். கிராமம் என்பது குறுகிய மனமும் அறியாமையும் வகுப்புவாதமும் குடியிருக்கும் இடம் என்று அவர் சொன்னது பலருக்கு அன்று கசந்தது, இன்றும் கசக்கிறது. மருமகனின் அறையில் நான்கு பேர் நான்கு சாதி. ஒரே குடத்தில் தண்ணீர் குடிக்கிறார்கள். அதில் ஒருவன் என்னிடம் சொன்னான்: “ஊர்ல எங்க தெருப் பேர வச்சுத்தான் அண்ணாச்சி என்னயக் கூப்புடுவாக. இங்க வந்துதான் எல்லாரும் என் பேரச் சொல்லிக் கூப்புடுதாக.”

நகரமும் கேட்காமல் இல்லை. தனி வீடு வாடகைக்குத் தேடிப் பாருங்கள். “கறி சமைப்பீங்களா?”, “நீங்க எந்த ஆளுக?”, “பேச்சிலரா, கிடையாது.” மேன்ஷனில் அட்வான்ஸும் ஆதாரும் கேட்பார்கள், அவ்வளவுதான். அந்தப் பத்துக்குப் பத்து அறையை அவர்கள் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

*

நகரம் தரும் இந்த விடுதலை பெண்களுக்கு இன்னும் கூடுதல் உண்மை. எங்கள் ஊர் நண்பரின் மகள் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். சூளைமேட்டில் பெண்கள் விடுதியில் ஆறு பேரோடு தங்கியிருக்கிறாள். காலை ஒன்பதரையிலிருந்து இரவு ஒன்பதரை வரை வேலை. தி.நகர் கடைத்தெருவின் வாழ்க்கையை வசந்தபாலன் 2010-ல் ‘அங்காடித் தெரு’ படத்தில் காட்டினார். நின்றே கால் வீங்கிய பெண்களுக்காக, கடைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு இருக்கை கட்டாயம் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டது. உட்காருவதற்கே ஒரு சட்டம் வேண்டியிருந்த தொழில் அது.

அந்தப் பெண்ணிடமும் கேட்டேன், ஏனம்மா இங்கே இருக்கிறாய் என்று. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: “சித்தப்பா, வாரத்துல ஒரு நாள் லீவு. அன்னைக்குச் சாயங்காலம் நானும் ரூம் பிள்ளைகளும் பீச்சுக்குப் போவோம். எட்டு மணிக்கு ரோட்டோரம் நின்னு டீ குடிப்போம். எவனும் வீட்டுல போய்ச் சொல்ல மாட்டான். இதுக்காகவே பன்னெண்டு மணி நேரம் நிப்பேன்.”

2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அவளுக்கு அது பணம் மிச்சம் மட்டுமில்லை. கையில் காசு இல்லாத மாதக் கடைசியிலும் கடற்கரைக்குப் போய்வரும் உரிமை. ஊரில் அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். வந்து இருந்துவிட்டுப் போ என்று கூப்பிடும்போதெல்லாம் அதன் பொருள் அவளுக்குத் தெரியும்.

*

பர்ஸில் வராத வருமானம் ஒன்று நகரத்தில் உண்டு. கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் நடுவே 1931-லிருந்து மின்சார ரயில் ஓடுகிறது. குறைந்த டிக்கெட் 5 ரூபாய். 2013-ல் தொடங்கிய அம்மா உணவகத்தில் இட்லி 1 ரூபாய், பொங்கல் 5, சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3. வேலை போன அந்தப் பத்து, பதினைந்து நாளை என் மருமகன் கடந்தது இந்த விலைப்பட்டியலின் தயவில்தான். மாநகராட்சியைப் பற்றிக் குறை சொல்ல ஆயிரம் இருந்தாலும் இந்த நன்றியைச் சொல்லாமல் இருக்கக் கூடாது.

கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010-ல் திறக்கப்பட்டது. அங்கே நம் சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய் உட்கார்ந்து படிக்க ஒரு பகுதி இருக்கிறது. அறைத்தோழர்களில் ஒருவன் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறான். பேப்பர் போட்டுவிட்டு, குளித்து, அங்கே போய்விடுவான். மின்விசிறி, வெளிச்சம், குடிநீர், சுத்தமான கழிப்பறை, சத்தமில்லாத மேசை. இவையெல்லாம் சேர்ந்த ஓர் அறையை அவன் சம்பளத்தில் வாடகைக்கு எடுக்க முடியாது.

மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023 ஜூலையில் திறந்த பிறகு, எங்கள் பக்கத்துப் பையன்கள் சிலர் தேர்வுக்குப் படிக்கச் சென்னை வராமல் மதுரையிலேயே தங்கிவிட்டார்கள். இதை ஆட்சியில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டும். ஊர்ப்பக்கம் நல்லது ஒன்றைக் கட்டினால் பையன்கள் தாமாக அங்கே நிற்பார்கள். புத்திமதி சொல்லித் தடுக்க வேண்டிய அவசியமே இருக்காது.

*

2020 ஜூன். சென்னையில் மீண்டும் முழு ஊரடங்கு வரப்போகிறது என்றதும் ஜனம் பைக்கிலும் காரிலும் பரனூர் சுங்கச்சாவடியை நோக்கிப் புறப்பட்டது. மருமகனும் ஒரு நண்பனின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து அறுநூறு கிலோமீட்டர் போனான். ஊர் எல்லையில் நிறுத்தினார்கள். ‘சென்னையிலேருந்து வந்தவன்’ என்று பதினான்கு நாள் பள்ளிக்கூடத்தில் வைத்தார்கள். பிறகு வீட்டில் நன்றாகத்தான் இருந்தான். ஆடு மேய்த்தான், அப்பா காலத்துக் கிணற்றைத் தூர் வாரினான். நூறு நாள் வேலைக்கும் போனான்.

செப்டம்பர் 7 அன்று மாவட்டங்களுக்கு இடையே பேருந்து ஓடத் தொடங்கியது. 9-ம் தேதி அவன் சென்னையில் இருந்தான். அக்கா அழுதாள். நகரம் அவனைக் கைவிட்டதை நேரில் பார்த்த பிறகும் திரும்பி வந்தான் என்றால், மயக்கத்தில் வந்தான் என்று சொல்ல முடியாது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு எடுத்த முடிவு அது.

*

“ஊர்ல வேலைக்கு ஆள் இல்லாம பீகார்க்காரப் பையனுகள வச்சிருக்காக. நம்ம பயலுக சென்னையில போய்க் கஷ்டப்படுதானுக” என்று ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். போன முறை சங்கரன்கோவில் பக்கம் ஒரு ஓட்டலில் பரிமாறிய பீகார்ப் பையனிடம் பேசினேன். தமிழ் நன்றாகப் பேசினான். அவன் ஊரிலும் வயல் இருக்கிறது, வேலைக்கு ஆள் வேண்டும் என்கிறார்கள். ஆனால் அங்கே போனால் அப்பாவின் கடனும் அப்பாவின் முதலாளியும் அப்படியே அவன் தலையில் இறங்குமாம்.

அவனுக்கு எங்கள் சங்கரன்கோவிலே பட்டணம். அங்கே அவனை யாரும் “நீ யாரு மகன்?” என்று கேட்பதில்லை. தூரத்தைத் தேடித்தான் அவனும் என் மருமகனும் போயிருக்கிறார்கள். இதைப் புரிந்துகொண்டால் அவனையும் வெறுக்க மாட்டோம், இவனையும் சோம்பேறி என்று சொல்ல மாட்டோம்.

*

இழப்புகளையும் எழுதிவைக்க வேண்டும். போன வருடம் தண்ணீர் கெட்டு மருமகனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. பத்தொன்பது நாள் வண்டி ஓடவில்லை, ஒரு பைசா வரவில்லை. அறைத்தோழர்கள் மூன்று பேரும் முறை வைத்து இளநீரும் மோர்ச்சோறும் வாங்கிக் கொடுத்தார்கள். டெலிவரி தொழிலாளர்களுக்காக 2023 டிசம்பரில் தமிழ்நாட்டில் நலவாரியம் அமைக்கப்பட்டது. அதில் பதிய வேண்டும் என்றே அவனுக்குத் தெரியாது. நான்தான் சொன்னேன்.

எங்கள் அம்மா இறந்தபோது அவன் இரவு பதினொரு மணிக்கு டெலிவரியில் இருந்தான். தென்மாவட்டப் பேருந்துகள் இப்போது கிளாம்பாக்கத்திலிருந்து. திருவல்லிக்கேணியிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல். அந்த நேரத்தில் போய்ச் சேர்ந்து, கிடைத்த பேருந்தில் மதுரை வரை நின்றுகொண்டே பயணம் செய்து, அங்கிருந்து மாறி வந்தான். பாட்டியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எரிந்து அடங்கிய இடத்தில் நின்றான். அவன் அன்று அழுததை நான் மறக்க மாட்டேன். இவ்வளவு விலை கொடுத்துத்தான் இங்கே இருக்கிறான். “ஜாலிக்காகப் பட்டணத்தில் இருக்கிறான்” என்று சொல்கிறவர்கள் அந்த விலையைத் தெரிந்துகொண்டு பேச வேண்டும்.

*

ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில், தொழிற்சாலைப் பெண்கள் 18,720 பேர் தங்கும் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. வேலைக்குப் போகும் பெண்களுக்கு அரசின் ‘தோழி’ விடுதிகள் இருக்கின்றன. அரசு மனம் வைத்தால் பெட் போட முடியும் என்பதற்கு இவையே சாட்சி. நம் இரவுச் சாப்பாட்டையும் கூரியரையும் கல்யாணப் பந்தியையும் சுமக்கிற பையன்களுக்கு அப்படி ஓர் இடம் எனக்குத் தெரிந்து மாநகரத்துக்குள் இல்லை. ரயில் நிலையத்தை ஒட்டி, ஆளுக்கு ஒரு பெட், ஒரு பூட்டுப் பெட்டி, ஒரு பிளக் பாயிண்ட், குடிக்கத்தக்க தண்ணீர், வண்டி நிறுத்த இடம். இவ்வளவுதான் கேட்கிறேன்.

வீட்டு உரிமையாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ‘பேச்சிலருக்குக் கிடையாது’ என்ற பலகையை மாட்டும் முன், உங்கள் பிள்ளை வெளியூரில் எங்கே தூங்குகிறான் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

அக்காவுக்கு நேற்று போன் செய்து சொல்லிவிட்டேன்: “அவன் வர மாட்டான்க்கா. வரச் சொல்லாத. எப்படி இருக்கான்னு மட்டும் கேளு.” அடுத்த மாதத்திலிருந்து பெட் வாடகை 4,000.